நாக்குக் கட்டின மணி

ஜனவரி 12

என் தம்பி பெண்டாட்டிக்கு,

சாமி புண்ணியத்துல நான் சௌக்கியம். நீயும் தம்பியும் பொண்ணும் சௌக்கியமான்னு கேக்கணும், கேட்டுட்டேன். பதில் எழுதறதும் எழுதாததும் உன் இஷ்டம்.

போன்ல சொல்லாம எதுக்குக் கடிதாசின்னு நினைப்பே. போன்ல பேசினா, "கிளாஸுக்கு நேரமாச்சு அண்ணி"ன்னு பாதியில வச்சிடுவே. கடிதாசியைப் பாதியில வைக்க முடியாது. அதுவும் போக, என் போனைப் பெரிசு கடிச்சுத் துப்பிடுச்சு.

கிளம்பும்போது என்ன சொன்னீங்க? உனக்கு வெளியூர் ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேலை கிடைச்சிருக்கு, மூணு பேரும் ஹாஸ்டல் ரூம்ல தங்கப் போறீங்க, வீடு சும்மா கிடக்கும், நான் வந்து நிம்மதியா சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கலாம். "ரெண்டு செல்லங்க இருக்கு அக்கா, வேளைக்குக் கொஞ்சம் தீனி போட்டாப் போதும்"னு தம்பி சொன்னான். நான் மீன் தொட்டின்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா இந்த வாசப்படி மிதிக்காதவளுக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறந்தா ரெண்டு நாய் என் நெஞ்சு மேல ஏறி நிக்குது.

ஸ்பேனியல் ஜாதியாம். எதிர்வீட்டுத் தையல்காரர் சொன்னார். வேட்டைக்குப் போற ஜாதியாம். வீட்டுக்குள்ள என்னத்தை வேட்டையாடும், என் செருப்பைத்தான். காது ரெண்டும் தரையைத் தொடுது. தண்ணி குடிக்கும்போது வாய் குடிக்கிறது பாதி, காது குடிக்கிறது பாதி. அதை உதறினா சுவர் பூரா தெறிக்குது, சாமி படத்தையும் விடல. சின்னது இருக்கே, ஆளைப் பார்த்த சந்தோஷத்துல நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிடுது. நீ என்னைப் பார்த்து ஒரு நாளும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லேங்கிறது வேற விஷயம்.

இன்னொண்ணு. என் வெண்கல மணியைக் கொண்டு வந்திருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க தங்க வந்தப்ப, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அந்த மணியோட நாக்கைச் சுத்தித் துணி கட்டி வச்சியே, ஞாபகம் இருக்கா? விடியக்காலைல ஆட்டினேன், சத்தமே வரல. என் காதுதான் போச்சுன்னு பயந்துட்டேன். உள்ள பார்த்தா பாவாடை நாடாவால இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அன்னிக்கே பெட்டியைத் தூக்கினவ நான். இப்ப தினமும் நல்லா அடிக்கிறேன். கட்டறதுக்கு ஆள் இல்லே.

பொண்ணுகிட்ட அத்தை கேட்டதாச் சொல்லு. தம்பி கரண்ட் கம்பத்துல ஏறும்போது பார்த்து ஏறச் சொல்லு.

இப்படிக்கு,
உன் புருஷனோட அக்கா


ஜனவரி 25

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இங்கு மூவரும் நலம். தங்கள் கடிதம் கிடைத்தது. முழுவதும் படித்தேன்.

பெரியவன் பெயர் காபி. சின்னவன் பெயர் டாஃபி. ‘பெரிசு’, ‘சின்னது’ என்று அவர்களுக்குப் பெயர் இல்லை.

காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் டின்னில் உள்ள தீனியை டம்ளரால் அளந்து ஒரு டம்ளர் வைக்க வேண்டும். சாப்பிடும்போது காதுகளைத் தலைக்கு மேல் தூக்கி ரப்பர் வளையம் போட்டுவிட்டால் நனையாது. வாரம் ஒரு முறை காதுக்குள் துடைக்க வேண்டும், இல்லையென்றால் சீழ் பிடிக்கும். சர்க்கரை, பழம், பால் எதுவும் கூடாது. ஓடாமல் இருந்தால் வீட்டைப் பிய்த்துவிடுவார்கள், அதனால் தினமும் இரண்டு முறை வெளியே கூட்டிப்போக வேண்டும். திரும்பக் கூப்பிடுவதற்கு அடுப்படி ஆணியில் விசில் தொங்குகிறது. மூன்று முறை சின்னதாக ஊதினால் வந்துவிடுவார்கள். ஒரு வருடம் பழக்கியிருக்கிறேன். அவர்களிடம் குரலை உயர்த்தினால் பயந்துவிடுவார்கள். உங்களுக்கு இது சிரமம் என்று தெரியும்.

மணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று மகளுக்குக் கடுமையான காய்ச்சல். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்தாள். இந்தக் கதையை நீங்கள் யாரிடம் சொன்னாலும் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பியின் மனைவி


பிப்ரவரி 20

தம்பி பெண்டாட்டி டீச்சரம்மாவுக்கு,

நான் சௌக்கியம். மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கு, ஆனா நீ கேக்கலையே, விடு.

விசில் ஊதற பொம்பளை வேணும்னா வேற ஆளைப் பாரு. எங்கப்பா என்னை அதுக்கு வளர்க்கல. உன் விசிலை எடுத்து மாவு டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டேன். காதுக்கு வளையம் போட்டேன், போடலேன்னு சொல்லாதே. தலைக்கு மேல கொண்டை போட்டுக்கிட்டு ரெண்டும் குளிக்கப் போற பொம்பளைங்க மாதிரி சாப்பிடுதுங்க. அதுங்களைப் பார்த்துச் சிரிச்சு எனக்குப் புரை ஏறிடுச்சு.

ஏழு மணி, ஆறு மணி, டம்ளர் இதெல்லாம் உன் ஸ்கூல்ல வச்சுக்கோ. நான் இருக்கிற வீட்டுல சாமிக்குக் காட்டாம யார் வாயிலயும் ஒண்ணும் போகாது, மனுஷனானாலும் சரி, நாலு காலானாலும் சரி. அஞ்சரைக்கு விளக்கேத்தி மணி அடிப்பேன். முதல் நாள் ரெண்டும் சேர்ந்து அந்த மணியைப் பார்த்துக் குரைச்ச குரைப்புல தையல்காரரே ஓடி வந்துட்டார். "என்னம்மா, திருடனா?"ன்னார். "சாமிங்க"ன்னேன். வாயை அடைக்கணும்னு, மணி அடிச்ச கையோட தீனியை வச்சேன். மறுநாளும் அப்படி. சாயங்காலமும் அப்படி. இப்ப என்னாச்சு தெரியுமா? மணியைக் கையில எடுத்தாப் போதும், எந்த மூலையில இருந்தாலும் ஓடி வந்து சாமிக்கு முன்னாடி பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்குதுங்க. தெருக்கோடிக்கு ஓடிப் போனாலும் வாசல்ல நின்னு ரெண்டு ஆட்டு ஆட்டினா, காது ரெண்டும் றெக்கை மாதிரி அடிச்சுக்கிட்டு வந்து சேருதுங்க. உனக்கு வராத பக்தி உன் நாய்க்காவது வந்துச்சேன்னு நினைச்சுக்கிட்டேன்.

பெரிசு தையல்காரர் கடையில இருந்து பாதி தைச்ச பேண்ட் ஒண்ணைக் கவ்விக்கிட்டு வந்து சாமி முன்னாடி வச்சது. ஒரு பல் தடம் இல்லே. இஸ்திரி போட்ட மாதிரி வச்சது. திட்டினேன். குரலை உயர்த்தித்தான் திட்டினேன். வாலை ஆட்டுது. வால் ஆடினா அதுக்கு இடுப்பு வரைக்கும் ஆடுது, நிக்கவே முடியல.

காய்ச்சல்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மணியைத் தொட்டிருக்க மாட்டேன். வாயால சொல்லாம நாடாவால சொன்னே பாரு, அதைத்தான் நான் சொல்றேன்.

இப்படிக்கு,
உன் புருஷனோட அக்கா


மார்ச் 14

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலம். நலமறிய ஆவல்.

நாய்களின் பக்தியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பள்ளி ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் சிரிப்பாக இல்லை. பெரியவன் நொண்டுகிறான் என்று தையல்காரர் போனில் சொன்னார். நீங்கள் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவமனை வரை நடந்தே ஊர்வலம் போனீர்களாம். வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்தீர்களாம். ஊரே பார்த்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. பேண்ட் கதையை ஒரு பக்கம் எழுத நேரம் இருக்கிறது, இதை ஒரு வரி எழுத நேரம் இல்லையா? என் நாய்க்கு என்ன ஆனது என்று அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் என்னை வைத்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் மிகவும் குண்டாகிவிட்டார்கள் என்றும் சொன்னார். என்ன கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நல்ல வேளையாகப் பள்ளி வளாகத்திலேயே எங்களுக்கு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் இடம் உண்டு, நாய் வளர்க்கலாம். மே மாத விடுமுறையில் வந்து இருவரையும் அழைத்துக்கொள்கிறோம். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் விடுதலை.

இப்படிக்கு,
தங்கள் தம்பியின் மனைவி


ஏப்ரல் 18

கணக்கு டீச்சருக்கு,

நான் இருக்கேன்.

என் கடிதாசியைப் படிச்சுக் காட்டிச் சிரிச்சீங்களாமே. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன், அதுவும் ஒரு டீச்சர் மூணு கிளாஸ் எடுத்த கிராமத்துப் பள்ளிக்கூடத்துல. ஆனா அடுத்தவங்களுக்கு வந்த கடிதாசியைக் கூட்டத்துல படிக்கக் கூடாதுன்னு அங்க சொல்லித் தந்தாங்க. நீ உனக்கு வந்ததைப் படிச்சிருக்கே, அதனால தப்பில்லேன்னு சொல்லுவே. சொல்லிக்கோ.

கால் விஷயம். புல்லு முள்ளு ஒண்ணு விரலுக்கு நடுவுல குத்தி உள்ள போயிடுச்சு. முடி அடர்த்தியா இருக்கிறதால தெரியல. டாக்டர் கீறி எடுத்தார். பெரியவன் கத்தல, என் கை மணிக்கட்டைப் பல்லு படாம கவ்வி வச்சுக்கிட்டு இருந்தான், அவ்வளவுதான். இப்ப நல்லா ஓடறான். ஆட்டோக்காரனைக் கூப்பிட்டா வரமாட்டேன்னுட்டான், நாய் முடி கொட்டுமாம். வேற யார் தூக்குவா, தையல்காரரா? அவருக்குப் போன் பிடிக்கவே ரெண்டு கை போதல. உனக்கு ஏன் எழுதலேன்னா, எழுதினா நீ என்ன எழுதுவேன்னு எனக்குத் தெரியும். எழுதாம இருந்தும் அதையேதான் எழுதியிருக்கே.

விடுதலைன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கே. ஆமா. வந்து கூட்டிட்டுப் போ. நான் நிம்மதியா இருப்பேன்.

பொண்ணு உயரமாயிட்டாளா? சட்டை அளவு எழுது.

இப்படிக்கு,
உன் புருஷனோட அக்கா


ஜூன் 3

தம்பி பெண்டாட்டிக்கு,

நீங்க நல்லபடியா போய்ச் சேர்ந்ததா தையல்காரர் சொன்னார்.

உள்ள வந்து உக்காரக்கூட இல்லே நீ. வண்டிக்காரர் காத்திருக்காருன்னு வாசல்லயே நின்னே. பொண்ணு மட்டும் உள்ள வந்தா, நாய் ரெண்டும் அவளை நக்கியே குளிப்பாட்டிடுச்சுங்க. அவளைப் பார்க்க சந்தோஷமா இருந்துச்சு.

"விசில் எங்க அண்ணி?"

"மாவு டப்பாவுல."

நீ எடுத்து ஊதினே, மாவுதான் பறந்துச்சு. துடைச்சுட்டு மறுபடி ஊதினே. ரெண்டும் என் புடவைக்குப் பின்னாடி போய் நின்னுக்கிச்சுங்க. "கெடுத்து வச்சிருக்கீங்க"ன்னே. வண்டிக்காரர் முன்னாடி சொன்னே. அப்புறம் கயிறு போட்டு இழுத்துட்டுப் போனே. சின்னவன் தரையோட தரையா உக்காந்துக்கிட்டான், அப்படியே வழுக்கிக்கிட்டே போனான். தம்பி என்னையும் பார்க்கல, உன்னையும் பார்க்கல, கைல இருந்த கட்டிங் பிளேயரைப் பார்த்துக்கிட்டு நின்னான்.

வண்டிப் பக்கம் நின்னு நான் மணி அடிச்சிருந்தா ரெண்டும் நேரா வண்டியில ஏறி உக்காந்திருக்கும். நான் அடிக்கல.

வீட்டைக் கழுவி விட்டாச்சு. சுவத்துல காது உதறின கறை இன்னும் இருக்கு. தேய்க்க நேரமில்லே.

இப்படிக்கு,
உன் புருஷனோட அக்கா


ஜூலை 18

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உடல்நலம் பரவாயில்லை.

ஒரு விளக்கம் தேவைப்படுவதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், பள்ளி வராந்தாவில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் பியூன் அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். பள்ளி திறந்த முதல் நாள் முதல் மணி அடித்ததும் இரண்டு பேரும் ஜன்னல் வலையைக் கிழித்துக்கொண்டு, பிரார்த்தனையில் நின்ற மாணவிகளுக்கு நடுவே ஓடி, பியூன் எதிரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அவருக்கு வேடிக்கையாக இருந்ததால் பிஸ்கட் போட்டிருக்கிறார். இரண்டாவது மணிக்கும் போட்டிருக்கிறார். அதன்பின் கதவு, தாழ்ப்பாள், கயிறு எதுவும் நிற்கவில்லை.

சென்ற வாரம் மேலதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். தேர்வு நடந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. பெரியவன் தலைமை ஆசிரியையின் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு தேர்வு அறைக்குள் வந்து மேசைக்கு முன்னால் வைத்தான். சின்னவன் அதிகாரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். அவன் சந்தோஷப்பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் புதுக் காலணி போட்டிருந்தார்.

இன்னொரு முறை நடந்தால் நாய்களை அனுப்ப வேண்டும், அல்லது வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வருடம் நான் பழக்கியதை நான்கு மாதத்தில் அழித்திருக்கிறீர்கள். இதை எப்படி மாற்றுவது என்று எழுதவும். அவர்களுக்கு வேறு என்னவெல்லாம் பழக்கியிருக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பியின் மனைவி


ஜூலை 27

கணக்கு டீச்சருக்கு,

சாமி என்னை நல்லா வச்சிருக்கார். உன் கடிதாசியை மூணு தடவை படிச்சேன். எனக்கு ஆசிரியர் அறை இல்லாததால தனியா உக்காந்துதான் சிரிச்சேன்.

மறைக்காம எழுதணுமாம். மணி அடிச்சா வரும்னு பிப்ரவரியிலேயே எழுதினேன். நீ அதை ஊருக்கே படிச்சுக் காட்டினே. சிரிக்கிறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும் கண்ணு. கூட்டல் கழித்தல் சொல்லித்தர்றவளுக்கு, மணியும் தீனியும் கூட்டினா என்ன வரும்னு தெரியலயா?

எப்படி மாத்தறதுன்னு கேட்டிருக்கே. உனக்குத் தெரிஞ்ச வழிதானே. ஸ்கூல் மணிக்கு நாக்கு இல்லே, பியூன் கைல இருக்கிற கம்பியைக் கட்டிப் பாரேன். பாவாடை நாடா இருக்குமே.

நான் ஒண்ணும் செய்யறதா இல்லே. "கெடுத்து வச்சிருக்கீங்க"ன்னியே, கெட்டுப் போனதைத் திருத்தறது டீச்சர் வேலை. திருப்பி இங்க அனுப்பறதா இருந்தா, சொல்லாம கொள்ளாம அனுப்பாதே, டின்ல தீனி பாதிதான் இருக்கு. அனுப்பச் சொல்லிக் கேக்கறேன்னு நினைச்சுக்காதே. எனக்கென்ன, இங்க ராஜாத்தி மாதிரி இருக்கேன். காலைல மணி அடிச்சா தையல்காரர் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேக்குது, அவ்வளவு அமைதி.

பெரியவனுக்குக் கால் விரலுக்கு நடுவுல தினமும் விரிச்சுப் பாரு. சின்னவனுக்கு இடது காதுல சீழ் வரும், அந்தப் பக்கமாத் தலையைச் சாய்ச்சா கவனி.

இப்படிக்கு,
உன் புருஷனோட அக்கா


ஆகஸ்ட் 9

அண்ணிக்கு,

தபால் தாமதமாகும் என்பதால் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

சின்னவனைக் காணவில்லை. ரொட்டி விற்பவர் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு வெளிச்சாலையில் போயிருக்கிறார். அவர் பின்னால் ஓடியிருக்கிறான். கடைத்தெரு வரை வந்ததாக அவர் சொல்கிறார். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. லாரிகள் போகும் சாலை அது.

ஊர் முழுவதும் விசில் ஊதிவிட்டேன். உதடு வெடித்துவிட்டது. உங்கள் தம்பி வேலைக்குப் போகாமல் தேடிக்கொண்டிருக்கிறார். பெரியவன் கதவருகிலேயே படுத்திருக்கிறான், தீனியைத் தொடவில்லை. மகளும் சாப்பிடவில்லை. என்னிடம் பேசவும் இல்லை.

மணியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.


ஆகஸ்ட் 16

தம்பி பெண்டாட்டிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு, மத்தபடி சௌக்கியம். உன் உதட்டுக்கு வெண்ணெய் தடவு.

நீ ஸ்கூல்ல இருந்து வர்றதுக்குள்ள சொல்லாம கிளம்பிட்டேன்னு கோபமா இருப்பே. இருந்துக்கோ. நீ தேடினது ஆத்துப் பக்கம், நாங்க போனது கடைத்தெரு. நடந்ததைத் தம்பி சொல்ல மாட்டான், அவனுக்கு அவமானம். அதனால நான் எழுதறேன்.

நான் முன்னாடி மணி அடிச்சுக்கிட்டே போனேன். அவன் எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தூரமா வந்தான். ஒரு அம்மா கிண்ணத்தை எடுத்துட்டு ஓடி வந்து, "ஐஸ் எவ்வளவு?"ன்னு கேட்டா. ஒரு சின்னப் பொண்ணு பழைய பேப்பரைக் கட்டிக் கொண்டு வந்து நீட்டுச்சு. ஒரு கடைக்காரர், "எந்தக் கோயிலுக்கு வசூல்?"னார். "நாய்க்கு"ன்னேன். அவர் கல்லாவை மூடிட்டார். சாமி பேரைச் சொல்லிக்கிட்டே அடிச்சேன். கை மாத்தி மாத்தி அடிச்சேன். இந்த மணிக்கு இவ்வளவு சத்தம் இருக்கும்னு எனக்கே தெரியாது.

சலவைக் கடைக்குப் பின்னாடி இருந்து சின்னவன் வந்தான். உடம்பு பூரா சோப்பு நுரையும் சேறும், வாயில யாரோட தலையணை உறையோ. லாரி வந்துக்கிட்டு இருக்கு, அதைப் பார்க்கவே இல்லே. நேரா ஓடி வந்து, நடு ரோட்டுல, என் மணிக்கு முன்னாடி, சாமி முன்னாடி உக்கார்ற மாதிரி உக்காந்துட்டான். உறையைக் கீழ வச்சான். லாரிக்காரன் பிரேக் போட்டு நிறுத்திட்டு என்னைத்தான் திட்டினான். திட்டட்டும். முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த தீனியை அங்கயே உக்காந்து ஊட்டினேன். என் மடியிலயே சந்தோஷப்பட்டான். புடவையைத் துவைச்சாச்சு.

மணியை உங்க வீட்டு அலமாரியில வச்சிட்டு வந்திருக்கேன். மறந்துட்டு வரல. தினமும் காலைலயும் சாயங்காலமும் அதை அடிச்சுத்தான் தீனி வைக்கணும். பியூன்கிட்ட நானே பேசிட்டேன், இனிமே பிஸ்கட் போட்டா அவர் கையைக் கடிக்கச் சொல்லித் தந்திருக்கேன்னு சொன்னேன், நம்பிட்டார். இரும்புக்குத் தீனி இல்லே, வெண்கலத்துக்குத்தான் தீனின்னு அதுங்க சீக்கிரம் கத்துக்கும். உன்னைவிடச் சீக்கிரம்.

நீ சாமி கும்பிடாட்டியும் பரவாயில்லே. மணியை அடி. உனக்காக வைக்கல, அவனுங்களுக்காக வச்சேன். நான் இங்க மணி இல்லாமலே கும்பிட்டுக்கறேன். இத்தனை வருஷமாக் கத்தியிருக்கேன், சாமிக்கு என் குரல் தெரியும்.

இப்படிக்கு,
அத்தைன்னு பொண்ணுகிட்ட சொல்லு


செப்டம்பர் 5

அண்ணிக்கு,

வணக்கம். நலமா? இடுப்பு வலி குறைந்ததா? தைலம் அனுப்பியிருக்கிறேன், தையல்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தகவலுக்காக எழுதுகிறேன். தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அடிக்கிறேன். தண்டவாள மணிக்கு ஓடுவது குறைந்துவிட்டது. சென்ற வாரம் காதை மட்டும் தூக்கினார்கள், எழவில்லை. தலைமை ஆசிரியை இப்போது ஒன்றும் சொல்வதில்லை. பியூன் நாய்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. நான் அடித்ததும் இரண்டு பேரும் ஓடி வந்து உட்காருகிறார்கள். என்னைப் பார்க்கிறார்கள். பிறகு எனக்குப் பின்னால் பார்க்கிறார்கள். அங்கே சுவர்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். தினமும் இப்படித்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். இதில் வேறு அர்த்தம் எதுவும் பார்க்க வேண்டாம். உங்கள் குரல் பள்ளி வரை கேட்கும் என்பதும், நாம் இருவரும் ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்ததில்லை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

பின்னறையில் இருந்த சாமான்களை மாடிக்கு ஏற்றிவிட்டோம். கிழக்குப் பார்த்த ஜன்னல்.

மகளின் சட்டை அளவு கேட்டிருந்தீர்கள். நேரில் அளந்தால்தான் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பியின் மனைவி


செப்டம்பர் 12

டீச்சரம்மாவுக்கு,

தைலம் வந்துச்சு. வாடை தாங்கல. ஆனா வலிக்குக் கேக்குது.

ஆறு மணிக்கு அடிக்கிறியாமே, யாரைக் கேட்டு? அஞ்சரைன்னு எத்தனை தடவை எழுதினேன். அரை மணி நேரம் லேட்டா அடிச்சா, சோறு போடறவ எங்க போய்த் தொலைஞ்சாளோன்னு அதுங்க சுவத்தைப் பார்க்கத்தான் செய்யும். இதுக்கெல்லாம் ஒரு கடிதாசி.

சனிக்கிழமை பஸ்ல வரேன். தங்க வரல. மணியை எப்படி அடிக்கிறதுன்னு உனக்குக் காட்டிட்டு, பொண்ணுக்குச் சட்டை அளவு எடுத்துட்டு, அதுங்க சுவத்தைப் பார்க்கறதை நிறுத்தினதும் கிளம்பிடுவேன். எத்தனை நாளாகும்னு என்னைக் கேக்காதே, நாய்ங்களைக் கேளு. வீட்டுச் சாவியைத் தையல்காரர்கிட்ட குடுத்துட்டேன், வேவு பார்க்கறவருக்கு ஒரு வேலையாவது இருக்கட்டும். டின் தீனியும் பெட்டியும் கனம், பஸ் ஸ்டாண்டுக்குத் தம்பியை அனுப்பு. நீ வராதே. வந்தா விசில் கொண்டு வராதே.

இங்க சுவத்துக் கறையைத் தேய்க்கல. நீயும் தேய்க்கச் சொல்லாதே.

பொண்ணு தூக்கம் கெடுமேன்னு இப்பவே நாடாவைத் தேட ஆரம்பிச்சிருப்பே. வேண்டாம். பின்னறைக் கதவைச் சாத்திக்கிட்டு மெதுவா அடிக்கிறேன். யாருக்குக் கேக்கணுமோ அந்த ரெண்டு பேருக்கும் கேட்டாப் போதும்.

இப்படிக்கு,
அண்ணி